மச்சான் கொத்த வைத்த சாணைக்கல்

ஓரகடம் கூட்ரோட்டில் முதல் சலூன் கட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். "சவரம் பண்றவன் நம்ம வூட்டுக்கு வரணும், நாம அவன் கடைக்குப் போறதா?" என்று பெரிய மனிதர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அசையாமல் ஓடு போட்டேன், ஆளுயரக் கண்ணாடி மாட்டினேன், சாய்கிற நாற்காலி இறக்கினேன். அந்த வட்டாரத்தில் எவன் கடையிலும் இல்லாத வழவழப்பான சிமெண்டுத் தரை போட்டேன். முறுக்கியவர்களே பிறகு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். இத்தனை செய்த எனக்கு, மனைவியின் அண்ணனுக்கு ஒரு கல் வாங்கிக் கொடுத்த வேலை போல வேறெதுவும் உயிரை எடுத்ததில்லை.

மச்சான் சேரப்பணஞ்சேரியில் மாவு மில்லில் இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் குலத்தொழிலுக்குத் திரும்புகிறேன் என்று சவரக் கத்தியோடு வந்து நின்றார். வடக்குப்பட்டில் ஒரு கல்யாணம். கல்யாணப் பையனுக்கு முகம் வழிக்கிற முறை அவருக்குக் கிடைத்திருந்தது. சரியாகச் செய்தால் ஊர் வேலை முழுக்க அவருக்கு. பையன் கன்னத்தில் ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

புதிதாகக் கத்தி பிடிப்பவருக்குத் தீட்ட ஒரு கல் போதும், அது நல்ல கல்லாக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் இரும்புக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் சொரசொரப்பான கறுப்புக் கல்லை நீட்டினார்.

"இத எடுத்துக்கப்பா, நாலு இழுப்புல ஏறிடும்."

"அது அரிவாளுக்கு. கன்னத்துல வச்சா தோலோட வந்துடும்" என்றேன்.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முரட்டுக் கல் உடனே குடித்துவிடும். நைசான கல்லில் சொட்டு அப்படியே நிற்கும். நகத்தால் தடவினேன். இரண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். கடைசியில் ஒரு மஞ்சள் கல்லை எடுத்தேன்.

மச்சான் முகம் சுளித்தார். "இன்னா மாப்ள, சோப்பு மாரி கீது? தேஞ்சுபோன கல்லு இது."

"வழவழன்னு இருந்தாத்தான் மச்சான் இதுக்கு ஆவும். தண்ணி தெளிச்சி மெதுவா இழுங்க. அப்புறம் தோல் வார்ல தீட்டுங்க. அவ்ளோதான்."

தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி.

கல்யாணத்துக்கு முதல் நாள் கடைக்கு வந்து துண்டைப் பிரித்தார். கல் முகமெல்லாம் அம்மை போட்டது போலக் குழி.

"தெருவுல அம்மி கொத்துறவன் வந்தான். இதயும் கொத்திகினேன். கொத்தாத கல்லு அரைக்குமா? மில்லுல கொத்திகினேதான் இருப்போம்."

"இது மாவு அரைக்கிற கல்லா மச்சான்?"

"கல்லுன்னா கல்லுதானே மாப்ள!"

அதில் இழுத்த கத்தி ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது. வயதில் மூத்தவர், திட்டவும் முடியாது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியோ, "எங்கண்ணன இன்னாத்துக்கு அதட்டுறீங்க? கல்ல வாங்கினது நீங்கதானே?" என்றாள். என் கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "சாமிகிட்ட வச்சி எடுத்த கல்லு, இதுலதான் ஏத்தணும்" என்று மச்சான் ஒரே பிடிவாதம்.

உட்கார்ந்திருந்தவர்களை அனுப்பிவிட்டு, என் சிமெண்டுத் தரையில் சலித்த மணலைத் தூவி, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தேன். சாயங்காலம் வரை மண்டியிட்டுத் தேய்த்தேன். அவர் என் சாய்கிற நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த ஓரத்துல இன்னும் ஒரு குழி கீது மாப்ள" என்று காட்டினார். குழியெல்லாம் போய்க் கல் மட்டமானதும் கத்தியைத் தீட்டி, வாரில் ஏற்றி, என் முழங்கை முடியில் வைத்துப் பார்த்தேன். ஊதியது போல உதிர்ந்தது.

மறுநாள் வடக்குப்பட்டில் பக்கத்திலேயே நின்றேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. பையன் கன்னத்தைத் தடவி, "கத்தி வச்சதே தெரியலண்ணா" என்றான். அங்கேயே ஊர் வேலையை மச்சானுக்குப் பேசி முடித்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் கை ராசி. கல்லயும் நானே பதமா கொத்தி வச்சிருந்தேன்."

அன்று தொடங்கிய பேச்சு. இன்றும் விசேஷ வீடுகளில் அதையேதான் சொல்கிறார்.

அந்தக் கல்லைப் பார்த்து எடுத்தவன் நான். கெட்டுப்போனதைத் திரும்பவும் கல்லாக்கியவனும் நான். என் கடைத் தரையில் நாற்காலிக்குப் பக்கத்தில் வழவழப்புப் போய் வெளுத்துக் கிடக்கிற இடம் அதற்குச் சாட்சி. மச்சான் அந்த இடத்தில் வந்து நின்று, கடையில் இருக்கிறவர்கள் காதில் விழும்படி இதைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.