எரியட்டும் என்று அண்ணி வேண்டிக்கொண்டது

எங்கள் வளப்பூர் வீட்டில் போனுக்கு சிக்னல் வராது. பஸ் ஏறி மலை இறங்கினால், கொண்டை ஊசி வளைவுகளில் சமவெளியைப் பார்த்த பக்கம் வரும், உள்பக்கம் திரும்பியதும் போய்விடும். என் நட்சத்திரத்தின் தலையெழுத்தை நான் அப்படித்தான் தவணை முறையில் படித்தேன்.

அப்போது நான் வானியலில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். ஒரு வயதான நட்சத்திரம். நாலு வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும், கண்ணில் படாத சின்ன ஒன்று. பெரியது லேசாகத் தள்ளாடுவதை வைத்துச் சின்னதின் எடையைக் கணக்கிட்டிருந்தேன். ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேலே இருந்தால் உள்ளே தீப்பற்றி அதுவும் நட்சத்திரம். கீழே இருந்தால் பற்றாது. பழுப்புக் குள்ளன் என்போம். என்னுடையது கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவு பக்கத்தில் சுற்றுகிற பழுப்புக் குள்ளன் கிடைப்பது அபூர்வம், குட்டி நட்சத்திரங்களோ நிறைய. அதனால் அது எரியவே கூடாது என்று வெறியாக இருந்தேன். முந்திரிக்கொட்டை மாதிரி, ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'எரியாத' என்று போட்டும்விட்டேன்.

என் அண்ணிக்கு இதைப் புரியவைக்க, மிளகு காய்ந்துகொண்டிருந்த களத்தில் அவர் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினேன். அண்ணி நல்ல கனம், நான் ஒல்லி. அவர் நின்ற இடத்திலேயே அசைய, நான் பறந்தேன். "பாத்தீங்களா அண்ணி, நீங்க அசையறத வச்சே என்ற எடையச் சொல்லிரலாமுங்க" என்று கத்திய வேகத்தில் கை நழுவி மிளகின்மேல் போய் விழுந்தேன். அண்ணி சிரித்து முடிக்கக் கால் மணி நேரமாயிற்று. பிறகு கேட்டார்: "அது எரியவே எரியாதா கண்ணு?"

"எரியாதுங்க."

"பாவம்."

அன்றிலிருந்து தினமும் "உன்ற குள்ளன் பத்திக்கிட்டானா?" என்று விசாரிப்பார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும்.

புதிய அளவீட்டின் முடிவைக் காலையில் சொல்வதாக என் வழிகாட்டி சொல்லியிருந்த நாளில், சேந்தமங்கலத்துக்கு மிளகு கொண்டுபோன அண்ணியோடு நானும் பஸ் ஏறினேன். வழிகாட்டிக்கு ஒரு வரிக்கு ஒரு மெசேஜ் அனுப்பித்தான் பழக்கம். முதல் வளைவில் ஒன்று வந்தது: 'பெரிய நட்சத்திரத்தின் எடையில் கோட்டை விட்டிருக்கிறோம்.' பஸ் திரும்பியது, சிக்னல் போயிற்று. அடுத்த வளைவில்: 'வயதானதுதானே, லேசாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.' மறுபடி போயிற்று. அதற்குள் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். கனமான ஆளை அதே அளவு அசைக்க, சுற்றுகிறவரும் கனமாக இருக்கவேண்டும். மூன்றாவது வளைவில் அதுவே வந்தது. கோட்டுக்கு மேலே. நட்சத்திரம்.

"அண்ணி, அது எரியுதாமுங்க."

அண்ணி மடியிலிருந்த சாக்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விசாரித்தால், அது எரிந்தால் எட்டுக்கை அம்மனுக்கு விளக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறார். என் சொந்த வீட்டிலேயே எனக்கு எதிராக வேலை நடந்திருக்கிறது!

"வானத்துல அத்தனை கிடக்குது, எதுன்னு அம்மனுக்கு எப்படிங்க தெரியும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அடையாளம் சொன்னேனே சாமி. வயசானது ஒண்ணச் சுத்திக்கிட்டு, எங்கூட்டுப் புள்ள கண்டுபுடிச்சதுன்னு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அபூர்வம் போயிற்று, ஒரு அத்தியாயம் முழுக்கத் திருத்தி எழுதவேண்டும், ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பெரியது அணைந்துபோய் எத்தனையோ காலத்துக்குப் பிறகும் என் குட்டி எரிந்துகொண்டிருக்கும். இறங்குவதற்குள்ளேயே போனில் கோப்பைத் திறந்து 'எரியாத' என்பதை அழித்தேன்.

சேந்தமங்கலத்தில் இறங்கியதும் அண்ணி சாக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். மிளகு வாங்கும் பாய் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் பஸ் ஸ்டாண்டில் தட்டாமாலை சுற்றினோம். இந்தத் தடவை அண்ணி என் கையை விடவில்லை.