பெரியப்பா போன ஐந்து கியர் வண்டி

நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பாடி. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கியது. விடியற்காலையில் வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டு அப்பா சென்னைக்கு ஓட்டிப் போவார். அதுதான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பிழைப்பு.

அந்த வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் மாதா கோயில் பங்கில் யாராவது இறந்துபோனால், பெரியப்பா வண்டியைக் கழுவி, பினாயில் ஊற்றித் தேய்த்து, பூ கட்டி, சவப்பெட்டியை ஏற்றிக் கல்லறைக்கு ஓட்டிப் போவார். கூலி வாங்க மாட்டார். எவ்வளவு தேய்த்தாலும் மீன் வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும். பங்கில் பாதிப் பேர் மீன்காரர்கள் என்பதால் யாரும் மூக்கைப் பிடித்ததில்லை.

கோயிலிலிருந்து கல்லறை வரை வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். பின்னால் வயதானவர்களும் நடந்து வருவார்கள். வழியில் நிற்கவும் கூடாது. நின்றால் இறந்தவருக்குப் போக மனசில்லை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பெரியப்பா ஓட்டி ஒரு நாளும் நின்றதில்லை. பழைய கியர்பாக்ஸில் நான்கு கியர்தான். ஆனால் முதல் கியர் அப்படி ஒரு நிதானம். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாலே வண்டி தானாக ஊர்ந்து போகும்.

அப்பாவுக்கோ அந்த நான்கு கியர் பெரும் பாடாக இருந்தது. சென்னை ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே இன்ஜின் அலறும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் காதில் அந்தச் சத்தம் நிற்காது. நாங்கள் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஐந்தாவது கியர் இருந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும்போதும் இன்ஜின் அமைதியாகச் சுற்றும்.

"அஞ்சு கியர் போட்டுட்டா டீசலும் மிச்சம், காதும் மிச்சம்ணே" என்றார் அப்பா.

"அதுல மொத கியரும் வேகமாப் பூடுமே, என்னா பண்ணுவ? அதச் சொல்லு. பொணத்த ஏத்திக்கினு ஓடுவியா?"

"எப்பவோ வர்ற சாவுக்காக நான் தெனம் சாவணுமா?"

பெரியப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தங்கள் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் பெரியப்பா வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போனார். அவர் திரும்புவதற்குள் அப்பா வண்டியை எங்கள் ஊரையடுத்த மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். எங்கேயோ அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பாக்ஸ் அங்கே தயாராக இருந்தது. அது பழையதைவிட நீளம். அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டை வெட்டிக் குறுக்கினார்கள். கியர் கம்பி வேறு இடத்தில் வந்ததால் தரைத் தகட்டையும் வெட்டினார்கள். நான் சீட்டில் குப்புறப் படுத்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக்கின் முகம் தெரிந்தது. "டே ராசா, மேலேர்ந்து எச்சி கிச்சி துப்பிடாதடா" என்றார் அவர்.

பெரியப்பா வீங்கிய காலோடு வந்து சேர்ந்தார். குளிக்கக்கூட இல்லை. வண்டியில் ஏறி முதல் கியர் போட்டுக் காலை எடுத்தார். வண்டி கன்றுக்குட்டி மாதிரித் துள்ளி ஓடியது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "இனிமே நீயே வச்சிக்கோ" என்று சாவியை அப்பா கையில் கொடுத்தார். அதுதான் அவர் அப்பாவிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பன்கிட்ட சொல்லு", "உன் பெரியப்பாகிட்ட சொல்லு" என்று இருவரும் அனுப்புவார்கள். இங்கிருந்து அங்கே ஓடுவது எனக்கு விளையாட்டாக இருந்தது.

பங்கில் அடுத்து விழுந்த சாவு பெரியப்பாவுடையது. மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் வேறு வண்டி சொல்லட்டுமா என்று கேட்டார். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஊரு சனத்தையெல்லாம் அந்த வண்டியில கொண்டுபோய் விட்டவரு. அவரு மட்டும் வேற வண்டியில போவணுமா? தம்பி ஓட்டும்."

அப்பா ஓட்டினார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பூசை முடிந்து புறப்பட்டதிலிருந்து அவர் காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவே இல்லை. பாதி அழுத்தி, பாதி விட்டு, வண்டியைப் பிடித்துப் பிடித்து நகர்த்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்துக்கு வருவதற்குள் கிளட்ச் தீய்ந்த வாடை அடித்தது. ஏற்றத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. சவப்பெட்டி அசைந்து எங்கள் முதுகுப் பக்கத் தகட்டில் இடித்தது.

பேண்டு வாசித்தவர்கள் நிறுத்தினார்கள். பின்னால் யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. "அண்ணன் சொன்னாரு, கேட்டாத்தான? வேகம் வோணுமாம் வேகம்."

அப்பா சாவியைத் திருப்பக் கை கொண்டுபோனார். அப்போது பெரியம்மா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"வேணாம் தம்பி, விடு. நூட்ரல் பண்ணு. நாங்க தள்றோம்."

"அண்ணி…"

"ஸ்டேரிங்க மட்டும் நேரா புடி."

முதலில் கை வைத்துத் தள்ளியவள் அவள்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். சற்றுமுன் பேசிய குரலும் "தள்ளு, தள்ளு" என்றது. பாலத்தின் இறக்கத்தில் அதே ஆட்கள் வண்டி ஓடிவிடாமல் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார்கள். பெரியப்பா ஓட்டியிருந்தால் எந்த வேகத்தில் போயிருக்குமோ அதே வேகத்தில், சத்தமே இல்லாமல், வண்டி கல்லறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெட்டியை இறக்கித் தோளில் தூக்கிப் போனார்கள். சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். எல்லோரோடும் நானும் குழியில் ஒரு பிடி மண் போட்டேன். அப்பாவைக் காணவில்லை.

ஓடி வந்து பார்த்தேன். அவர் வண்டியிலேயே ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கால் கிளட்சை அடிவரை அழுத்தியிருந்தது.

"அப்பா, பெரியம்மா உன்னக் கூப்புடுது. மண்ணு போட வா."

"கால எடுத்தா வண்டி துள்ளும்டா."

நான் எட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை. கியரும் நியூட்ரலில் இருந்தது. பட்டறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவன் அல்லவா நான். "ஆஃப்ல கீதுப்பா. நூட்ரல்ல வேற கீது. துள்ளாது" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். காலை மட்டும் எடுக்கவில்லை.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இனிச் சொல்லிப் பயனில்லை என்று மறுபடியும் உள்ளே ஓடினேன். அவருக்காக இன்னொரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.