பெயரின்மேல் ஒட்டிய பிளாஸ்திரி

பிள்ளைகளா, நேற்று இரவு சாப்பிடும்போது அம்மா தண்ணீர் குடிப்பதையே நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். "அப்பா அம்மாவை சைட் அடிக்கிறாரு" என்று சின்னவன் சொல்ல, இருவரும் சிரித்தீர்கள். ஏன் பார்த்தேன் என்பதை, டாக்டரம்மா வருவதற்குள் இங்கே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் தாம்பரம் பரிசோதனைக்கூடத்தில் நோயாளிகளின் செல்களைப் பார்த்து நோய் சொல்பவர் அவர். என் இழுப்பறையில் ஒரு வெள்ளை பிளாஸ்திரிச் சுருள் கிடக்கிறது; அது காயத்துக்கு அல்ல. அவருக்குத் தெரிந்தவர்களின் செல்கள் தடவிய கண்ணாடித் தகடு வந்தால், ஓரத்தில் பென்சிலால் எழுதிய பெயரின்மேல் ஒரு துண்டு ஒட்டி எண் போடுவேன். "பேரு தெரிஞ்சா கண்ணு பயப்படும் தம்பி. இல்லாததைப் பார்க்கும், இருக்கிறதை விட்டுடும்" என்பார். பத்தாவது வரை படித்த என்னையும் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். யாரோ ஒருவரின் கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த செல்கள். நீலச் சாயம் ஏறிய உட்கருக்களின் நடுவே வட்டமாக, வெளிறிப்போய், ஓட்டைகள். "ஓட்டை இல்லப்பா. காத்து குறைஞ்ச பலூன்ல விரலை அழுத்துனா ரப்பர் உள்ள போகுமே, அப்படி உட்கருவோட சவ்வே உள்ள மடிஞ்சு போயிருக்கு. ஒண்ணை வச்சு சொல்லக் கூடாது. நிறைய இருந்தா புற்றுநோய்." வீட்டைக் காக்கிற சுவரே வீட்டுக்குள் நடந்து வந்துவிட்டது போலிருந்தது எனக்கு.

போன மழைக்காலத்தில், முடிச்சூர் சாலையில் தண்ணீர் நின்ற ஒரு நாள் காலை, தாமதமாக வந்த டாக்டரம்மா, "இன்னிக்கு எல்லாத்துக்கும் ஒட்டிடு. என்னோடதும் அதுல இருக்கு" என்றார். அவர் கழுத்திலும் ஒரு கட்டி.

"வேற டாக்டர் பார்க்கட்டுமே மேடம்."

"பார்ப்பாங்க. முதல்ல நான் பார்த்துடறேன். நீ வெளிய நில்லு. உன் மூஞ்சியே பெரிய ரிப்போர்ட்டு."

கதவுக்கு வெளியே நின்றேன். முதல் இரண்டும் சாதாரணக் கட்டி என்று சொல்லிவிட்டார். மூன்றாவதில் தகட்டை நகர்த்தும் திருகின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிறகு, "இதுல நிறைய இருக்குப்பா. பாவம், இது யாரு?" என்றார். மூன்றாவது யாருடையது என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிளாஸ்திரி உரியும் சத்தம் கேட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து, அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார். குரல்தான் வரவில்லை. கிசுகிசுப்பாகவே பேசுகிறார். "மெதுவா நகர்ற வியாதிப்பா, சீக்கிரம் பார்த்தா பொழைச்சுக்கலாம்" என்று அவர் சொல்வதைக் கேட்க நாம்தான் பக்கத்தில் குனிய வேண்டும்.

உங்கள் அம்மாவின் கழுத்தில், தண்ணீர் விழுங்கும்போது, கடலை அளவில் ஒன்று ஏறி இறங்குகிறது. இன்று காலை அதிலிருந்து ஊசியில் செல்களை எடுத்தார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள். பேருந்து ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன்.

சாயம் காய்ந்தபோது அறையில் யாருமில்லை. சுருளிலிருந்து ஒரு துண்டு கிழித்து அவள் பெயரின்மேல் வைத்து, சுருக்கம் விழாமல் கட்டைவிரலால் தேய்த்தேன். மற்றத் தகடுகளுக்கும் ஒட்டினேன். தகடுகள் அடுக்கிய தட்டை நுண்ணோக்கியின் அருகில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, கதவுக்கு வெளியே வந்துவிட்டேன்.