அம்மாவுக்கு நான் எழுதிய பண்புநலன்

ஒரு மனிதருக்குப் பண்புநலன்கள் நான்கோ ஐந்தோதான் இருக்கும், அதற்கு மேல் எழுதினாலும் மதிப்பெண் கிடையாது என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்ப வைத்தது அக்காவின் வழிகாட்டி நூல். அக்கா அப்போது மேல்நிலைப் பள்ளியில், ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியத்தைக் கூடுதல் பாடமாக எடுத்திருந்தாள். அவள் பள்ளியில் அதற்கு ஆசிரியர் கிடையாது. மலாக்கா டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமைதோறும் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை யாரோ புண்ணியவான்கள் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் தொழிற்சாலையில் வேலை. அதனால் எங்கள் ஊரான பத்து பெரண்டாமிலிருந்து அம்மாதான் அக்காவைப் பஸ்ஸில் கூட்டிப்போவார். வீட்டில் தனியாக விட முடியாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

வார நாள்களில் அக்கா பாடத்தை ஒப்பிப்பாள், நான் நூலைப் பிடித்துக்கொண்டு சரிபார்ப்பேன். அது ஒரு பழைய செய்யுள் நாடகம். தன் தங்கை பகைநாட்டவனை மணந்துகொண்டதால், அவள் பெயரையே அரண்மனையில் யாரும் உச்சரிக்கக்கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். தோழி ஒருத்தி மட்டும் அரசனின் தாய்க்கும் அந்தத் தங்கைக்கும் இடையே ரகசியமாகச் சேதி கொண்டுபோகிறாள். அரசனின் பண்புநலன் கொள்கை உறுதி என்றது நூல். தோழிக்கு வஞ்சகம் என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே சான்று இருந்தது. சான்று இல்லையென்றால் பண்புநலனே இல்லை என்பாள் அக்கா. தோழி விஷயத்தில் மட்டும் அவளுக்கு நூலோடு தகராறு.

"கைடுல வஞ்சகம்னு போட்டிருக்கான். ஆனா அவ இல்லன்னா தாய்க்கும் மகளுக்கும் ஒருத்தர் உயிரோட இருக்கறதே ஒருத்தருக்குத் தெரியாது லா."

பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "கடைசியில அந்தத் தோழிய என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"நாடு கடத்திடுவாங்கம்மா."

அம்மா அப்பாவின் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்த்தார்.

எங்கள் வீட்டிலும் உச்சரிக்கக் கூடாத பெயர் ஒன்று இருந்தது. அது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அப்பாவின் அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்குத்தான் அவரை முதலில் பேசியிருந்தார்கள். பத்திரிகை அடித்த பிறகு பெரியம்மா கோலா சுங்கை பாருவுக்குப் போய், அங்கே மீன் லாரி ஓட்டிய ஒரு கிறிஸ்துவரைச் சர்ச்சில் திருமணம் செய்துகொண்டார். பெரியப்பா அதன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அண்ணன் பட்ட அவமானத்தை அப்பா தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பக்கம் அம்மா போகவே கூடாது என்பது அம்மாவைக் கட்டிய அன்றே அவர் போட்ட நிபந்தனை.

அக்காவை வகுப்பில் விட்டதும் அம்மாவும் நானும் கிளேபாங் வழியாகப் போகும் இன்னொரு பஸ்ஸைப் பிடித்து, அந்த வீட்டுப் பக்கம்தான் போனோம். பெரியம்மாவுக்கு மார்பில் நோய். தலையில் முடி கொட்டிப்போய் துணி கட்டியிருந்தார். கணவர் லாரியில் போயிருப்பார். அம்மா தூக்குச்சட்டியில் கொண்டுபோன கஞ்சியை ஊட்டுவார், முதுகைத் துடைத்துவிடுவார். இருவரும் ஏதாவது பழைய கதை பேசிச் சிரிப்பார்கள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸுக்குத் திரும்புவோம்.

"அப்பாகிட்ட சொல்லாத பாப்பா," என்று முதல் நாளே அம்மா சொல்லியிருந்தார். நானும் மூச்சு விடவில்லை. ஆறு மாதம் வாயைக் கட்டி வைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

அப்போதுதான் பள்ளியில் ஆசிரியை 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதி வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் எங்கள் குடும்பம் சிறிய குடும்பம் என்று தொடங்கிக்கொண்டிருக்க, நான் அக்காவின் பாணியில் இறங்கினேன். ஆளுக்கு இரண்டு பண்புநலன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. அப்பா நகைச்சுவை உணர்வு மிக்கவர். மோட்டார் சைக்கிள் பழுதாகி வீடு வரை தள்ளிக்கொண்டு வந்த அன்று, அதை வாக்கிங் கூட்டிப் போனதாகச் சொன்னார். பெரியப்பா தாராள மனம் கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலக்கடலை வைத்து மடித்த அப்பாம் பாலிக் வாங்கி வருவார்.

அம்மாவிடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. பாசம் என்று எழுதிவிட்டேன், சான்றுதான் கிடைக்கவில்லை. சமைப்பதும் துவைப்பதும், தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து எனக்குத் தலை பின்னிவிடுவதும் சான்றாகவே எனக்குத் தோன்றவில்லை. யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: 'சனிக்கிழமைகளில் அம்மா கோலா சுங்கை பாருவுக்குப் போய், நோயாளியான பெரியம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவார்.' அடுத்த பண்புநலன் தன்னடக்கம். சான்று: 'இதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட மாட்டார்.' தாள் ஆசிரியைக்குத்தானே போகிறது, அப்பாவுக்கு அதில் என்ன வேலை என்று எண்ணிக்கொண்டேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

ஆசிரியை சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டு, சான்றுகள் மிகச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தார். தாளைப் புத்தகத்துக்குள் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பையில் பேனா தேடிய அப்பாவின் கண்ணில் நட்சத்திரம் பட்டுவிட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களப் பத்தியும் எழுதியிருக்கா, கேளுங்க," என்று அப்பா உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

மோட்டார் சைக்கிள் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாம் பாலிக் இடத்தில் பெரியப்பா என் தலையைத் தடவினார். அதற்குள் தாளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, கை எழவில்லை. அப்பா அதே உற்சாகத்தோடு அம்மாவுக்குப் போனார். கோலா சுங்கை பாரு என்று வாய்விட்டுப் படித்த பிறகுதான் படித்தது என்னவென்று அவருக்கே உறைத்தது. மிச்சத்தை அவர் படிக்கவில்லை.

பெரியப்பாதான் அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "என்ன நோய்ம்மா?" என்று கேட்டார்.

"அண்ணே, நீங்க சாப்பிடுங்க," என்றார் அப்பா.

பெரியப்பா சாப்பிடவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே, "இனிமே வகுப்புக்கு நான் கொண்டுபோய் விடறேன். சனிக்கிழமை லீவு சொல்லிக்கிறேன்," என்றார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை அப்பாவும் அக்காவும் மோட்டார் சைக்கிளில் போன பிறகு, அம்மா வழக்கம்போலக் கஞ்சி வைத்தார். வைத்து முடித்து அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு ஒரு கிண்ணத்தில் ஊற்றி எனக்குக் கொடுத்தார். நான் முழுவதையும் குடித்தேன். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். அண்ணன் மனம் நொந்துபோனதற்கும் சேர்த்து அப்பா அம்மாவோடு பேசாமல் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து பெரியம்மாவின் கணவர் போனில் கூப்பிட்டார். அம்மா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டு வந்த அப்பா வெகுநேரம் கதவருகே நின்றார்.

"போயிட்டு வா. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் வரல. நான் அண்ணன் முகத்துல முழிக்கணும்."

அடக்கத்துக்கு அம்மாவும் அக்காவும் நானும் பஸ்ஸில்தான் போனோம். சர்ச்சுக்குள் கூட்டம் அதிகம், புழுக்கம் தாங்காமல் நான் வாசலில் வந்து நின்றேன். சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகும் சட்டையில் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வேறெங்கோ போக இந்தப் பக்கம் வந்திருக்கிறார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று எண்ணினேன். ஒரு பஸ் வந்து போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. அவர் அங்கேயே இருந்தார். பெட்டியை வெளியே தூக்கி வந்தபோதுதான் எழுந்து நின்றார். மூன்றாவது பஸ் வருகிறதோ என்று நான் சாலையின் இருபுறமும் பார்த்தேன். பஸ் எதுவும் வரவில்லை. அவரிடம் போகலாமா என்று நினைத்து, கட்டுரை நினைவுக்கு வர, தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் கண்ணுக்குப் பெட்டியைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிக்கப் போனார். அப்பா என்னை மெதுவாக அருகில் கூப்பிட்டார்.

"யார் யார் வந்திருந்தாங்க பாப்பா? நம்ம பக்கம் யாராச்சும்?"

கண்டதைச் சொல்லி ஒருமுறை பட்டது போதும் என்றிருந்தேன் நான். பெரியப்பா பேச்சை எடுத்தால் கோபம் மறுபடி அம்மா மேல்தான் பாயும், இந்த முறையாவது அம்மாவைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற வைராக்கியம் வேறு.

"யாரும் வரலப்பா," என்றேன்.

அப்பா தலையாட்டிக்கொண்டார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல அவர் முகம் மறுபடி இறுகியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அவரும் அம்மாவும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள். யாருக்காக அப்பா அத்தனை கோபத்தையும் சுமந்தாரோ, அவரிடம் அந்தக் கோபம் இல்லவே இல்லை என்பதைச் சொல்ல அந்த வீட்டில் என் ஒருத்தியால்தான் முடியும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.