கிளச்சு இல்லாத வண்டியும் வராத ஆறு பலூனும்

கம்மாபுரம் சாலையில் புத்தம்புது சொகுசுக் கார் ஒன்று மோதி, அதற்குள்ளிருந்த ஆறு காற்றுப் பலூன்களும் ஒரே நேரத்தில் விரிந்து, பீங்கான் கம்பெனி முதலாளி விருத்தகிரி நடுவில் மாட்டிக்கொண்டார். கோணி ஊசியால் பலூன்களைக் குத்தித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். 2006 தொடக்கத்தில் விருத்தாசலம் முழுக்க இதே பேச்சு. ஜங்ஷன் டீக்கடையில் ஆறாக இருந்த பலூன் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பத்தாகிவிட்டது. இன்னும் ஊதுவதற்குள் விசாரித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

காரை ஓட்டிய அர்ச்சுனன் கம்பெனி ஷெட்டில் இருந்தார். விருத்தகிரியின் அம்பாசடருக்குப் பல வருஷமாக டிரைவர். பின்சீட்டில் முதலாளி தூங்கும்போது பள்ளங்களை ஒதுக்கிவிட்டு, விழித்திருக்கும்போது மட்டும் இறக்கி ஏற்றுவார். புது வண்டி வாங்கச் சொல்லாமல் சொல்லும் முறை அது.

"பலூன் வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல சார். வந்திருந்தா எம் பொண்ணுக்கு எடுத்தாந்திருக்க மாட்டேனா?"

பள்ளங்கள் பலித்து, முதலாளி புதுக் கார் வாங்க முடிவு செய்திருக்கிறார். பார்த்தது இரண்டு. கறுப்புக் காரில் பலூன் இரண்டு, இரண்டுமே முன்சீட்டுக்கு. வெள்ளி நிறக் காரில் ஆறு. பின்சீட்டுக்குப் பக்கவாட்டிலும் உண்டு. டை கட்டிய சேல்ஸ்மேன் புதுச்சேரியிலிருந்து வந்து விளக்கினார்.

"கறுப்பு வண்டி மோதினா டிரைவருக்கு ஒண்ணு, பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ஒண்ணு சார்."

"எனக்கு?"

"நீங்க பின்னால பெல்ட்டு போட்டுக்கணும் சார்."

விருத்தகிரி கப்பு சாசரை வைக்கோலில் பொதிந்து லாரியேற்றிப் பிழைப்பவர். பாதுகாப்பு என்றால் அவருக்கு வைக்கோல்தான். "ஏம்பா, காசு போடறவன் நானு. வைக்கோலு அவனுக்கா?"

ஆக, வெள்ளிக் கார்தான் என்று ஆயிற்று. அதில் கிளச்சு கிடையாது, கியர் தானாக மாறும். உற்சாகத்தில் சேல்ஸ்மேன் இன்னொன்றும் சொன்னார்: "டிரைவரே வேணாம் சார். நீங்களே ஓட்டிக்கலாம்."

அம்பாசடரைத் துடைத்துக்கொண்டிருந்த அர்ச்சுனனின் கை நின்றுவிட்டது. இந்த வயதில் வேலை போனால் மினி பஸ்ஸுக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஓட்டிப் பார்க்க வெள்ளிக் காரை எடுத்தார்கள். அர்ச்சுனன் ஓட்ட, பக்கத்தில் சேல்ஸ்மேன், பின்னால் முதலாளி. பெல்ட்டு போடச் சொன்னதற்கு, "தூளியில போட்ட புள்ளையா நானு?" என்றுவிட்டார் முதலாளி.

கம்மாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீராயி என்ற பெண்மணி உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பியிருந்தார். நம் பக்கத்துக் களமே அதுதான். போகிற வண்டிகள் ஏறி மிதித்துத் தாமாகவே காயை உடைத்துக் கொடுக்கும். எந்த டிரைவரும் அதன்மேல் வண்டியை விட்டுக்கொண்டு போவார். அர்ச்சுனன் மட்டும் ஓங்கி பிரேக் அடித்தார். காலடியில் பிரேக் கடகடவென்று உதற, சருகின் மேலும் வழுக்காமல் வண்டி நேராக நின்றது. முதலாளியின் நெற்றி முன்சீட்டில் போய் நின்றது.

சேல்ஸ்மேன் பெருமையாகத் திரும்பினார். "பாத்தீங்களா சார், ஏ.பி.எஸ்ஸு. துளிகூட வழுக்கல."

"ஆறு பலூனு எங்கப்பா?"

"மோதினாத்தான் சார் வரும். மோத வுடாம பிரேக்கு காப்பாத்திடுச்சி."

"வண்டிய காப்பாத்திச்சி. என்னை?"

"அதுக்குத்தான் சார் பெல்ட்டு. பலூனு வந்தாலும் பெல்ட்டு இல்லன்னா பிரயோஜனமில்ல."

அதற்குள் வீராயி வந்துவிட்டார். "ஏம்பா டிரைவரு, ஏறிப் போறதுக்குத்தான போட்டு வச்சிருக்கேன்? நிறுத்தி வேடிக்கை பாக்கறியே. உளுந்தைப் பாத்து பிரேக்கு போட்ட மொத ஆளு நீதான்."

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டார். "கிளச்சுன்னு நெனச்சி இடது கால்ல மிதிச்சிட்டேன் மொதலாளி. பாத்தா, அது பிரேக்கா இருக்குது."

முதலாளி வீங்கிய நெற்றியைத் தடவிப் பார்த்தார். பழகிய டிரைவருக்கே இந்தக் கதி என்றால், தானே ஓட்டினால்? வெள்ளிக் கார் புதுச்சேரிக்குத் திரும்பிப் போனது. கறுப்புக் கார் வந்தது, கிளச்சோடும் அர்ச்சுனனோடும்.

"உண்மையிலேயே கிளச்சுன்னுதான் நெனச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அந்த வண்டியில இடது காலுக்கு வேலையே இல்ல சார்," என்றார் அர்ச்சுனன். "வேலை போன காலு சும்மா இருக்குமா?"

இப்போது விருத்தகிரி, கம்பெனி கணக்குப்பிள்ளை வழக்கமாக உட்காரும் முன்சீட்டில், பெல்ட்டும் பலூனுமாகப் போகிறார். கணக்குப்பிள்ளை பின்சீட்டில் தனியாக, முதலாளி மாதிரி சாய்ந்துகொண்டு போகிறார். பின்சீட்டுக்குப் பலூன் இல்லாத விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வீராயியையும் பார்த்தேன். அன்று அவர் வாயிலிருந்து தப்பிக்க முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்: புது வண்டி எடுத்ததும் முன்னே போய் ஒரு தடவை, பின்னே வந்து ஒரு தடவை உளுந்தின் மேல் ஏற்றிக் கொடுப்பதாக.

"வரவேயில்லங்க. உளுந்து எல்லாம் வூட்டுக்குப் போயிடுச்சி. அடுத்து கேவுரு கதிரு போடுவேன். அதுக்காச்சும் வரச் சொல்லுங்க. ரெண்டு ஓட்டம் பாக்கி இருக்குது."

கம்மாபுரம் வழியாக நெய்வேலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த விருத்தகிரியிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"சருகு வண்டிய அடியில கீறிடும். மங்கலம்பேட்டை வழியா சுத்திப் போ அர்ச்சுனா."