ஒட்டுப்போட்ட பிரேமுக்கு ஒரு ஆள்

மேலகரத்து முத்துச்செல்வியின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். பதினோரு வருடம் அவள் ஓட்டிய சைக்கிளின் பிரேமோ ஆறடி ஆளுக்கானது. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து, ஓட்ட நேரமில்லாமல் போட்டு வைத்திருந்ததை மலிவாக வாங்கினாள். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த கனத்த இரும்பு பிரேம். சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் கால் நுனிதான் பெடலில் பட்டது. தெருவே சிரித்தது.

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை அவளுக்கு. வருடம் முழுக்க லீவைச் சேர்த்துவைத்து, அந்தச் சைக்கிளில் தனுஷ்கோடி போனாள். மூணாறு ஏறினாள். ஒருமுறை கடற்கரை ஓரமாகவே கோவா வரைக்கும் போய், "ரயில்ல வாரேன், ஸ்டேஷனுக்கு வாங்க" என்று கணவனுக்குப் போன் செய்தாள். கணவன் பாண்டிராஜ் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர். சீசன் நாளில் அவனுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது, பிறகெங்கே தன்னைத் தடுக்க என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஆரியங்காவு தாண்டித் தென்மலை இறக்கத்தில் மழைக்கு வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதினாள். முழங்காலில் நாலு தையல். பின்சக்கரத்தைத் தாங்குகிற குழாய் இரண்டாகிவிட்டது. அந்த ஊரில் இரும்பு கேட் செய்கிறவர் ஒருவர் பித்தளை வைத்துப் பற்றவைத்து, சுத்தியலால் ஓங்கித் தட்டிக் காட்டினார். "இனி இது பொட்டூல சேச்சி" என்றார், இனி உடையவே உடையாதாம். இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, அதே சைக்கிளில் கொல்லம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டாள்.

நாற்பத்தெட்டாவது வயதில், தன் உடம்புக்கு அளவெடுத்து ஒரு பிரேம் செய்துதரச் சொல்லிப் பெங்களூரில் ஆர்டர் கொடுத்தாள். சக்கரமும் மற்ற சாமான்களும் புதியதற்கு மாறிவிடும். பழைய பிரேமை மட்டும் விற்க வேண்டும்.

போட்டோ எடுக்கும்போது பாண்டிராஜ் கேட்டான்: "அந்த ஒட்டு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவமா செல்வி?"

"என்னத்துக்கு? அதத்தான் மொதப் போட்டோவா போடணும்."

"அப்புறம் எவன் வாங்குவான்?"

"வெவரம் தெரிஞ்ச ஆளு வாங்கும்."

சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அப்படியே போட்டாள். மூன்று வாரத்துக்கு உருப்படியான ஆள் யாரும் வரவில்லை. ஒருவர் எடைக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டார். நாலாவது வாரம் கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ஹஃப்சா. கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை.

"அக்கா, பிரேம் சைஸ் என்ன?"

முத்துச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"அம்பத்தெட்டு சென்டிமீட்டர். ஒன் உயரம் என்னம்மா?"

"அஞ்சடி பத்து. எந்தக் கடைல ஏறி உக்காந்தாலும் கால்முட்டு ஹேண்டில்பார்ல இடிக்குக்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை, சாரலில் நனைந்தபடி ஹஃப்சா வந்தாள். பைக் ஓட்டிவந்தது அவள் அண்ணன் சலீம். முத்துச்செல்வி அதற்குள் போட்டோவுக்காகக் கழற்றிய சாமான்களையெல்லாம் திரும்பப் பூட்டி, சீட்டை உயர்த்தி, டூர் மூட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டிருந்தாள்.

சலீம் குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தான். "உடைஞ்சத ஒட்டி வச்சிட்டு பன்னெண்டாயிரம் சொல்லுதீங்களேக்கா."

"உடைஞ்ச எடத்த நாந்தான தம்பி காட்டுனேன்? என் பேச்ச நம்பாண்டாம். புளியரை ஏத்தம் வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டும்."

"அம்புட்டுத் தூரமா?"

"டூர் போற சைக்கிள தெருவுக்குள்ள ஓட்டுனா என்ன தெரியும்?"

சலீமைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவளே ஸ்கூட்டியை ஓட்டினாள். முன்னால் ஹஃப்சா. குற்றாலத்தில் அருவிக் குளியலுக்காக எண்ணெய் தேய்த்து மினுங்கும் உடம்போடு ரோட்டை அடைத்துப் போன கூட்டத்துக்குள், அரிசிப் பைகளோடு அவள் ஆடாமல் நுழைந்து வெளியே வந்தாள். செங்கோட்டை தாண்டியதும் எதிர்காற்று. புளியரையில் மலை ஏற ஆரம்பித்தபோது சலீம் தங்கையைக் கூப்பிட வாயெடுத்தான். முத்துச்செல்வி கையைக் காட்டி அடக்கினாள்.

ஹஃப்சாவின் கால் முழுசாக நீண்டு மடங்கியது. கேரளாவுக்குப் போகும் லாரியின் பக்கவாட்டில் சைக்கிள் ஒரே கோடாக ஏறியது. பதினோரு வருடம் அதன் மேலேயே இருந்தவள், அது ஓடுவதை அன்றுதான் வெளியே இருந்து பார்த்தாள்.

"மேல வரைக்கும் ஏறிருமாக்கா?"

"அது இப்படி ஓடும்னு எனக்கே தெரியாது தம்பி." கொஞ்ச தூரம் போனபின் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அளவு சேராத சைக்கிள்லயா கோவா வரைக்கும் போயிருக்கேன்! நான் லேசுப்பட்ட ஆளில்ல போலிருக்கே."

மேல் வளைவில் ஹஃப்சா மூச்சிரைக்க நின்றாள். "அக்கா, நடுவுல எங்கயும் காலு ஊனல, பாத்தீங்களா?"

சலீம் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். "ஒரு ரெண்டாயிரம் குறைங்கக்கா."

"ஒத்தப் பைசா குறைக்க மாட்டேன். ஆனா ஒரு வருசத்துக்குள்ள அந்த ஒட்டு விட்டுதுன்னா முழுப் பணத்தையும் திருப்பித் தாரேன்."

"அண்ணே, சும்மா இரி. எங்காசு" என்றாள் ஹஃப்சா.

ஒட்டு விடவில்லை. ஐப்பசியில் முத்துச்செல்விக்குப் புது பிரேம் வந்தது. முதல் வாரம் பழக்கதோஷத்தில் கால்விரலை நீட்டிக்கொண்டே ஓட்டினாள். கழுத்துவலி போன பிறகுதான் இத்தனை நாள் கழுத்து வலித்தது என்பதே தெரிந்தது.

தை மாதம் அவளும் ஹஃப்சாவும் அவரவர் சைக்கிளில் வால்பாறை கிளம்பினார்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இருபது வயது இளையவள் முன்னால் போவாள் என்றுதான் இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள். ஒன்பதாவது வளைவில் கீழேயிருந்து சத்தம் வந்தது. "அக்கா, நில்லுங்கக்கா!"

முத்துச்செல்வி பதினோராவது வளைவில் போய்த்தான் நின்றாள். ஒரு கடலைமிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, ஹஃப்சா ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.