கேற்றில் சுரண்டிய துரு

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் கடற்கரைக்குக் கிட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு என் கையில். தலைகால் தெரியாத பெருமை.

விடுமுறைக்கு முன் பெரிக் குளோரைட்டு என்ற இரும்பு உப்பு இருந்த போத்தலை இறுக்கி மூடாமல் போய்விட்டேன். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரையும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்ததே நான்தான்! கடற்காற்று சும்மா விடுமா? வந்து பார்த்தால் கட்டியெல்லாம் கரைந்து மண்ணிறக் குழம்பாகக் கிடந்தது. கரைந்தாலும் அது பெரிக் குளோரைட்டுத்தான், எடுத்து வைத்திருக்கலாம். பள்ளிக்கூட அதிபர் ஏசுவாரே என்ற பயத்தில் ஒருவருக்கும் தெரியாமல் கழுவி ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து, பகல் இடைவேளையில், சைக்கிளில் மீன் விற்கும் ஒருவர் பெரிக் குளோரைட்டுக் கேட்டு டொக்டர் எழுதிய துண்டுக் காகிதத்தோடு ஓடி வந்தார். அவருடைய மூன்று வயது மகள் தகரப் பேணியிலிருந்த மருந்துக் குளிசைகளை அள்ளி விழுங்கிவிட்டாள். பேணியில் அஸ்பிரினும் வேறு குளிசையும் கலந்து கிடந்தனவாம். சிறுநீரில் பெரிக் குளோரைட்டு விட்டு ஊதா நிறம் வந்தால் அஸ்பிரின். அது தெரிந்தால்தான் சரியான வைத்தியம். ஆஸ்பத்திரியில் பெரிக் குளோரைட்டு முடிந்துவிட்டது.

"நான்தான் கழுவி ஊத்திட்டன்" என்று அவரிடமே சொல்லி அழுதுவிட்டேன்.

"அழாதீங்க ரீச்சர். வேற வழி இருந்தாச் சொல்லுங்க. எண்ட புள்ள கண்ணத் தொறக்குதில்ல."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பெரிக் குளோரைட்டுச் செய்யத் துருவும் ஐதரோகுளோரிக் அமிலமும் போதுமே! உப்புக்காற்றில் எங்கள் பள்ளிக்கூட வாசல் இரும்புக் கேற் பொருக்குப் பொருக்காக உதிரும். அவர் மீன் வெட்டும் கத்தியால் சுரண்டித் தந்தார். நான் அதை அமிலத்தில் இட்டு மெல்லச் சூடாக்கினேன். அமிலம் மிஞ்சினால் நிறம் சரியாக வராது, அதனால் துருவைத் தாராளமாகவே போட்டேன். மஞ்சளும் மண்ணிறமுமாகக் கரைசல் வந்தது. அஸ்பிரின் உடம்புக்குள் சலிசிலிக் அமிலமாகத்தான் மாறும்; அதனால் கரைசலை வடித்து, ஆய்வுகூடத்திலிருந்த சலிசிலிக் அமிலத் தூளில் ஒரு துளி விட்டேன். ஊதா!

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினோம். டொக்டர் பிள்ளையின் சிறுநீரில் சில துளிகளை விட்டார். அதுவும் ஊதாவாக மாறியது. "ஓம், அஸ்பிரின்தான்" என்று அவர் உடனே வேலையைத் தொடங்கினார். அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பிள்ளை கண் திறந்து "உம்மா" என்றாளாம். கேட்டதும் ஆய்வுகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு கிழமை கழித்து அவர் மகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் மடியில் ஒரு ஜாம் போத்தல், நிறையத் துரு. மூடியை இறுக்கி, மேலே ரப்பரும் சுற்றியிருந்தார்.

"வெச்சிக்கோங்க ரீச்சர். இன்னொரு புள்ளைக்கு உதவும்."

என் பிழையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதிபரிடம் நானேதான் போய்ச் சொன்னேன். இன்றும் எந்தப் போத்தலை மூடினாலும் இன்னொரு தடவை திருகிப் பார்க்கிறேன்; அப்போதெல்லாம், என்னை ஏச எல்லா உரிமையும் இருந்தும் "அழாதீங்க" என்று சொன்ன அந்தப் பிள்ளையின் வாப்பாவின் முகம்தான் கண்முன் வந்து நிற்கிறது.